சிவப்பில் வந்த ஸலாம்

கிண்ணியா
2025 ஜூன் 19, வியாழன்

றுவைஸ்,

ஸலாம் சொல்லிக் கடிதம் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. உன் நம்பரை புளொக் பண்ணி வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் போனைத் தூக்கிச் சுவரில் அடித்துவிடுவேன் போல இருக்கிறது. இதை இராசையா அண்ணனின் மீன் லொறியில் கொடுத்து விடுகிறேன். பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் வாங்கிக்கொள். மணத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசி.

உம்மா போனில் உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பா. முழுதையும் கேள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என் புருஷன், உன் மச்சான் முனீப், துறையில் இருந்து போட்டை எடுத்தார். ஜெமீலும் கூடப் போனான். கொட்டியாரக் குடாவுக்குள் தண்ணீர் தட்டில் ஊற்றினது போலக் கிடந்ததாம். வெளிக் கடலுக்குப் போன பிறகு கச்சான் எழும்பியது. கரையில் இருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று, திரும்பி வர விடவில்லை. போட் கவிழ்ந்து, இரண்டு பேரும் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். விடியத்தான் இலங்கைத்துறை ஆட்கள் கண்டு இழுத்துக் கரை சேர்த்தார்கள். உன் மச்சான் தப்பிவிட்டார். ஜெமீலின் வலது கால் போட்டுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் மாட்டி நொறுங்கிவிட்டது. இன்னும் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

இப்போது ஊரில் என்ன கதை தெரியுமா? 'சங்கம் செய்தி அனுப்பிற ஆப்பில ஆபத்து எண்டு போட்டுத்தானே இருந்திச்சு? முனீப் பாத்துக்கொண்டேதான் போனவன். போறதெண்டா தனிய போகாம, அந்தப் பொடியனையும் ஏத்திக்கொண்டு போயிருக்கான்.' ஜூலை நான்காம் தேதி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மீனவர் சங்கக் கூட்டம். தலைவர் ஸெய்னுதீன் ஹாஜியார் சும்மா விடமாட்டார். எச்சரிக்கையை மீறிப் போனவன் என்று முடிவெடுத்தால் பெயரை வெட்டுவார்கள். வெட்டினால் இந்தக் கரையில் ஒருவரும் அவரைப் போட்டில் ஏற்றமாட்டார்கள். அதையாவது பொறுக்கலாம். ஜெமீலின் வாப்பா அபூதாஹிர் காக்கா பள்ளியில் உன் மச்சானுக்குப் பக்கத்தில் நின்று தொழ மாட்டேன் என்று வேறு வரிசைக்குப் போயிருக்கிறார். அன்றையில் இருந்து உன் மச்சான் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறார்.

அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். 'சிவப்பில வாழ்த்துத்தான் இருந்திச்சு. பெருநாள் வாழ்த்தெண்டு நினைச்சன்.' அன்றைக்குப் பெருநாள் களைப்பில் ஆப்பைத் திறக்காதவன் எல்லாம் இப்போது கேட்டுச் சிரிக்கிறான். மறுநாள் நீ செய்த அந்த ஆப் பழைய செய்தியை அழித்துவிடுகிறதே, காட்ட என்ன இருக்கிறது?

துறையில் எல்லாரையும் கூட்டி வைத்து வாய் கிழியப் பேசியது யார்? 'காக்காமார், நீங்க வாசிக்கத் தேவையில்ல. சிவப்பைப் பாருங்க. சிவப்பில இருக்கிறதுதான் விஷயம், மற்றதெல்லாம் விவரம்.' நீதானே? அவர்கள் நீ சொன்னபடி சிவப்பைத்தான் பார்த்தார்கள். செய்தி சங்கத்தில் இருந்து சரியாகத்தான் போனது, ஆபத்து என்று குறித்துத்தான் போனது. உன் ஆப் சிவப்பைக் கொண்டுபோய் எங்கே பூசியது? எச்சரிக்கை கீழே சின்னதாய், சாம்பல் நிறத்தில் கிடந்ததாம். கொழும்பில் ஏசிக்குள் இருந்து செய்கிறவனுக்குச் சாம்பல் வடிவாய்த்தான் இருக்கும். ஒரு நாளாவது வெயிலில் நின்று அதை வாசித்துப் பார்த்தாயா?

ஆப் பிழை என்று உன் கையெழுத்தோடு எழுதி அனுப்பு. அதுவரை அக்கா, ராத்தா என்று என் வாசலில் கால் வைக்காதே.

ஆதிலா


வெள்ளவத்தை
2025 ஜூன் 22, ஞாயிறு

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் சொல்வேன்.

லொறிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தேன். 'என்ன தம்பி, ஆரும் செத்திட்டாங்களா, மௌத்துச் செய்தியா?' என்று இராசையா அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். ராத்தா, மச்சான் பட்ட பாட்டுக்கு என் நெஞ்சு எரிகிறது. ஜெமீல் நான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளை. ஆனால் செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று எழுதச் சொன்னால் எனக்கும் கோபம் வரும். நானும் உங்கள் வாப்பாவின் பிள்ளைதான்.

ஆப்புக்குத் தனி மூளை கிடையாது. புரோகிராமில் எழுதினதைச் செய்யும், அவ்வளவுதான். ஒரு செய்தியில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி இருந்தால் அவசரத்தில் ஒன்றும் கண்ணில் படாது. அதற்காகத்தான் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கி, தடிப்பாக்கி, சிவப்பாக்குவது. எந்தத் துண்டு என்று போனுக்குத் தெரியாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னது இதுதான்: ஆபத்து என்று குறித்து வரும் செய்தியில் முதல் வரி எதுவோ அதைச் சிவப்பாக்கு, மற்றதைச் சாம்பலில் விடு. உங்கள் சங்கத்தில் செய்தி அடிக்கிற சோமசேகரம் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தேன். 'ஐயா, கடலுக்குப் போக வேண்டாம் எண்டதுதான் முதல் வரி. அதுக்கு மேல ஒண்டும் எழுதக்கூடாது.' 'ஓம் தம்பி, விளங்குது' என்றார். ஒன்றரை வருடமாக ஒரு பிழை வரவில்லை.

கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்பவருக்கு மாலையைப் போடு என்று ஒருவனிடம் சொல்லி வைக்கிறோம். மாப்பிள்ளைக்கு முன்னால் வேறு யாரோ வந்து நின்றால் மாலை அந்த ஆளின் கழுத்தில்தான் விழும். மாலை போட்டவனைக் குற்றம் சொல்லலாமா? வந்து நின்றவனை அல்லவா பிடிக்க வேண்டும்?

மச்சான் சொல்வதை நான் நம்புகிறேன். சிவப்பில் வாழ்த்து இருந்ததென்றால், யாரோ முதல் வரியில் வாழ்த்தை எழுதியிருக்கிறான். எந்த மடையன் அது? கச்சான் வரப்போகிறது, கடலுக்குப் போகாதே என்று கத்த வேண்டிய நேரத்தில் சீவிச் சிங்காரித்துக்கொண்டு நலம் விசாரித்த அந்த மடையனைப் பிடித்துக் கூட்டத்தில் நிறுத்துங்கள். ஜெமீலின் காலுக்கு அவன் பதில் சொல்லட்டும். என்னிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். எங்கள் மனேஜர் பாக்கியரத்தினமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கம்பனியை இழுக்கிற மாதிரி ஒரு துண்டு எழுதினாலும் அன்றைக்கே வீட்டுக்குத்தான் என்று.

மச்சானுக்கு என் ஸலாம். போனை எடுக்கச் சொல்லுங்கள்.

றுவைஸ்


கிண்ணியா
2025 ஜூன் 24, செவ்வாய்

றுவைஸ்,

அந்த மடையன் நான்தான்.

சோமசேகரம் ஐயா மே மாதமே வவுனியாவுக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். அவருடைய கதிரையில் இருந்து இப்போது நான்தான் செய்தி அடிக்கிறேன். இதை உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நீ பெருநாளுக்குக்கூட வரவில்லை. அவர் எனக்குச் சாவியைத் தந்தார், கொம்பியூட்டரின் பாஸ்வேர்டைத் தந்தார். எச்சரிக்கைக்கு மேலே ஒன்றும் எழுதாதே என்று சொல்லவில்லை. வயசான மனிசன், மறந்திருப்பார். நீ அதை எங்கே எழுதி வைத்தாய்? ஒரு போட் ஆட்களின் உயிர் தொங்குகிற கதையை ஒரு வயசாளியின் காதுக்குள் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டாய். நான் அடிக்கிற பெட்டியில் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு. எது சிவக்கும், எது மங்கும் என்று அதில் ஒரு அடையாளம் இருக்கிறதா?

பெருநாளுக்கு முதல் கிழமை ஹாஜியார் சங்கக் கந்தோருக்கு வந்து நின்று கத்தினார். 'என்ன புள்ள இது, ஸலாமும் இல்ல கலாமும் இல்ல, போகாதே வராதே எண்டு மொட்டையா ஓடர் போடுறீங்க? நாங்க என்ன மறியல்ல கிடக்கிற கைதிகளா? பெருநாள் வருது, மரியாதையா எழுதுங்க!' எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒரு கடிதம் எழுதினாலும், ஒரு வீட்டுக்குப் போனாலும் ஸலாம் சொல்லித்தானே நாம் வாய் திறக்கிறோம்? அதனால் முதல் வரியில் எழுதினேன்: 'அன்புக்குரிய கடல் தொழிலாளர் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.' அடுத்த வரியில் கடலுக்குப் போக வேண்டாம் என்று எழுதினேன். ஆபத்து என்று குறித்தேன். அனுப்பினேன். கந்தோரைப் பூட்டிவிட்டு மூதூருக்கு உம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே போய்ப் போனைத் திறந்து பார்த்தேன் றுவைஸ். ஸலாம் பெரிதாய், செக்கச் சிவந்து வந்திருந்தது. 'பாருங்க உம்மா, எவ்வளவு வடிவா வந்திருக்கு' என்று உம்மாவிடம் காட்டினேன். உம்மாவும் மாஷா அல்லாஹ் என்றா. அதே நேரத்தில் உன் மச்சான் அதே சிவப்பைப் பார்த்துவிட்டு இஞ்சினைக் கிளப்பியிருக்கிறார்.

உன் கடிதத்தை வாசிக்கும்வரை எனக்கு இது ஓடவில்லை. நான் சரியாக எழுதினேன், ஆப்தான் எங்கேயோ மாற்றிப் பூசிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதச் சொன்ன ஹாஜியாருக்கோ வாயில் கொழுக்கட்டை. தான் சொன்னதை ஒரு இடத்திலும் சொல்லாமல் மற்றவனின் பெயரை வெட்டக் கத்தி தீட்டுகிறார்.

உன் கல்யாண வீட்டுக் கதைக்கு ஒரு பதில். மாலை போட்டவனைக் குற்றம் சொல்லேலாதுதான். ஆனால் மாலையைக் கொடுத்து அனுப்பினவன் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாமே? பெயர் சொல்ல உனக்கு வாய் வலித்ததா?

ஆதிலா


வெள்ளவத்தை
2025 ஜூன் 27, வெள்ளி

ராத்தா,

மேலே ஸலாம் எழுதப் பேனையை வைத்தேன், கை போகவில்லை.

மடையன் என்று எழுதின கையை வெட்டலாம் போல இருக்கிறது. உங்களைச் சொன்னதற்காக மட்டும் இல்லை. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். எச்சரிக்கை எது என்று அந்தச் சொற்களுக்கே அடையாளம் கட்டியிருந்தால், அது முதல் வரியில் இருந்தாலும் பத்தாம் வரியில் இருந்தாலும் சிவந்திருக்கும். அது எனக்குத் தெரியாததும் இல்லை. தெரியும். முதல் வரி என்று எழுதினால் அன்றைக்குப் பின்னேரமே வேலை முடியும், மற்றதென்றால் இன்னும் கொஞ்சம் மினக்கெட வேண்டும். பாக்கியரத்தினம் அவசரப்படுத்தினார், நானும் பிறகு பார்ப்போம் என்று விட்டேன். பிறகு பார்க்கவே இல்லை.

நேற்று மத்தியானம் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று போனைத் திறந்தேன். நல்ல வெயில். சிவப்பு நன்றாகத் தெரிந்தது. கீழே இருந்த சாம்பல் எழுத்து அப்படியே மறைந்துவிட்டது. கையால் நிழல் பிடித்துக்கூட வாசிக்க ஏலவில்லை. பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து விசரன் என்று நினைத்திருப்பார், நான் என்னையே ஏசிக்கொண்டு நின்றேன்.

புதுசாக எழுதி, அப்டேட் போட்டுவிட்டேன். இனி எச்சரிக்கைக்குத் தனிப் பெட்டி. அதில் எழுதுவது மட்டும் சிவக்கும். ஸலாமுக்கு வேறு பெட்டி. சாம்பல் நிறத்தையே தூக்கிவிட்டேன், மற்றதெல்லாம் கறுப்பு.

இத்தோடு சங்கத்துக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அப்படியே கொடுங்கள். 'செய்தி சங்கத்தில் இருந்து சரியாக அனுப்பப்பட்டது. ஆப் அதைப் பிழையாகக் காட்டியது. முழுப் பொறுப்பும் என்னுடையது.' இவ்வளவுதான். வாழ்த்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீங்களும் வாய் திறக்காதீர்கள். ஹாஜியார் தன் வாயால் சொல்லப் போவதில்லை. நீங்கள் அடித்தது என்று அபூதாஹிர் காக்காவுக்குத் தெரிந்தால் ஊரில் தலைகாட்ட ஏலாது ராத்தா. எனக்கென்ன, நான் கொழும்பில் இருக்கிறேன். வேலை போனால் போகட்டும்.

றுவைஸ்


கிண்ணியா
2025 ஜூன் 29, ஞாயிறு

றுவைஸ்,

உன் சங்கக் கடிதத்தை நான்காய்க் கிழித்து இத்தோடு அனுப்புகிறேன். எண்ணிப் பார், நாலு துண்டும் இருக்கும்.

உன்னிடம் யார் என்னைக் காப்பாற்றச் சொன்னது? நான் கேட்டேனா? உன் மச்சானைக் காப்பாற்றத்தானே கேட்டேன்?

கேள். நேற்று உன் கடிதத்தைக் கொண்டுபோய் உன் மச்சான் முன்னால் வைத்து, 'செய்தி அடிச்சது நான்தான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?' என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, 'ஓம்' என்றார். எப்போதிருந்து என்றேன். 'போட் கவிழ்ந்த உடனேயே. தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ளயே யோசிச்சன். நான் வெளிய சொன்னா, இனி வராதே எண்டு உன்னைக் கந்தோரால நிப்பாட்டிருவாங்க. உனக்கு அந்த வேலை விருப்பம்தானே.' இத்தனை நாளும் ஊர் முழுக்க அவர் முகத்தில் காறித் துப்பியிருக்கிறது. 'எழுதினது யார் எண்டு என்ர மனிசியக் கேளுங்க' என்று ஒரு வார்த்தை வரவில்லை. கையில் இருந்த அகப்பையைக் குசினிக்குள் வீசினேன். 'உங்களுக்கு நான் மனிசியா, இல்ல அலுமாரிக்குள்ள வைக்கிற பீங்கானா?' என்று கத்தினேன். அதற்கு அவர் எழும்பிப் போய் அகப்பையைப் பொறுக்கி வைத்தார். திருப்பிக் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது நீயும் அதே வேலையைப் பார்க்கிறாய். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று என் வாயைப் பொத்தப் பார்க்கிறீர்கள். அபூதாஹிர் காக்காவின் பிள்ளையின் கால் போயிருக்கிறது. எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியக்கூடாதா? உன் பொய்க் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, நாளைக்கு அவர் வீட்டுக்கு நான் என்ன முகத்தோடு சோறு கொண்டு போவது?

அதோடு உன் கடிதம் எடுபடவும் மாட்டாது. ஹாஜியார் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, 'எங்க பிழை? நல்லாத்தானே இருக்கு?' என்று காட்டுவார். ஏனென்றால் நீ திருத்திவிட்டாய். திருத்தினது சரி, திருத்தத்தான் வேண்டும், இன்னொரு போட் போகக்கூடாது. ஆனால் அன்றைக்கு உன் மச்சான் கண்டதை நான் இப்போது எதில் காட்டுவது? பழைய ஆப்போடு ஒரே ஒரு போன் எனக்கு வேண்டும். அன்றைய செய்தி அதில் அப்படியே இருக்க வேண்டும்.

உண்மையை எழுதி, அதோடு அனுப்பு. நீ மினக்கெடப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் விட்டதையும் எழுது, நான் ஸலாம் எழுதினதையும் எழுது. எழுதச் சொன்னவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆதிலா


வெள்ளவத்தை
2025 ஜூலை 2, புதன்

ராத்தா,

இராசையா அண்ணனிடம் ஒரு பொதி கொடுத்திருக்கிறேன். ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னேன், எதற்கும் கேட்டு வாங்குங்கள். உள்ளே என் பழைய போன் இருக்கிறது. அதை அப்டேட் பண்ணாமல் நிறுத்தி, அன்றைய செய்தியைச் சேர்வரில் தேடி எடுத்து அழியாதபடி போட்டு வைத்திருக்கிறேன். ஆப்பைத் திறந்தால் அன்றைய செய்தி மச்சான் கண்ட மாதிரியே வரும். வேறு எதையும் அமத்த வேண்டாம்.

கடிதமும் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு பிரதியைப் பாக்கியரத்தினத்தின் மேசையிலும் வைத்தேன். வாசித்தார். 'நாளையில் இருந்து வராதீர்' என்றார். ஆப்பை யார் பார்ப்பது என்று கேட்டேன். 'அது உமக்குத் தேவையில்லாத கதை' என்றார். கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் மேலா, என் மேலா என்று கேட்காதீர்கள்.

காட்டும்போது உள்ளே வைத்துக் காட்டாதீர்கள். வெயிலுக்குக் கூட்டிப் போங்கள்.

றுவைஸ்


கிண்ணியா
2025 ஜூலை 5, சனி

றுவைஸ்,

கூட்டம் முடிந்தது. எல்லாரும் வந்திருந்தார்கள். உன் மச்சானை ஒரு மூலைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள், அவருக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாய்க் கிடந்தன. ஹாஜியார் ஒழுங்கு, கட்டுப்பாடு, சங்கத்தின் மானம் என்று நீட்டி முழக்கினார். நான் எழும்பினேன். 'கந்தோர்ப் புள்ளைக்கு இங்க என்ன கதை?' என்றார். 'கொழும்பில இருந்து தம்பி ஒரு செய்தி அனுப்பியிருக்கான். எல்லாரும் துறைக்கு வந்து வாசிச்சிட்டு வெட்டுங்க' என்றேன். உன் கடிதத்தை அப்போது எடுக்கவில்லை.

துறையில் தலையில் தீ கொட்டுகிற வெயில். போனைத் திறந்து முதலில் ஹாஜியாரின் கையில் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். 'வஅலைக்குமுஸ்ஸலாம்' என்றார். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டு, 'வஅலைக்குமுஸ்ஸலாம்.' போன் கை மாறிக்கொண்டே போனது றுவைஸ். வாங்குகிறவன் எல்லாம் பதில் ஸலாம் சொல்லிவிட்டு அடுத்தவனிடம் நீட்டுகிறான். சாம்பல்தீவில் இருந்து வந்த இரண்டு பேர் 'வணக்கம், வணக்கம்' என்று சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள். கீழே ஒரு வரி இருக்கிறது என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. கடைசியாய் அபூதாஹிர் காக்காவின் கைக்கு வந்தது. அவரும் சொன்னார், 'வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்' என்று. முழுதாய்ச் சொன்னார்.

'இப்பச் சொல்லுங்க ஹாஜியார், கடலுக்குப் போகலாமா?' என்று கேட்டேன். 'ஏன், போறதுக்கென்ன?' என்றார். போனை வாங்கி, முக்காட்டால் நிழல் பிடித்து, ஸலாமுக்குக் கீழே இருந்ததைச் சத்தமாய் வாசித்தேன். 'கடலுக்குப் போக வேண்டாம். பலத்த கச்சான் வீசும். போட்டுகள் கரையில் நிற்கவும்.' 'முனீப் கண்டது மேல இருக்கிற இந்தச் சிவப்பை மட்டும்தான். இந்த ஸலாமை எழுதினது நான். எழுதச் சொன்னது யார் எண்டு அவரே சொல்லட்டும்' என்றேன். ஹாஜியார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அசையவில்லை. கடைசியில், 'ஓம், நான்தான் சொன்னனான்' என்றார். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தை வாசித்தேன்.

பெயரை வெட்டவில்லை. அதைப் பற்றி ஒருவரும் பேசக்கூட இல்லை.

எல்லாம் சுகமாய் முடிந்தது என்று நினைக்காதே. அபூதாஹிர் காக்கா என் முன்னால் வந்து நின்றார். 'உண்மையச் சொல்லிட்டீங்க புள்ள. என்ர மகன் இனி இந்த உண்மையில ஏறி நடப்பானா?' என்று கேட்டார். உனக்குப் பதில் தெரிந்தால் வந்து நீயே சொல். பிறகு அவர் திரும்பிப் போய் உன் மச்சானின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். உன் மச்சான் அங்கேயே, எல்லாருக்கும் முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கும் எனக்கும் பெரிய சண்டை. 'ஏன் சொன்னாய்? ஆரு உன்னைச் சொல்லச் சொன்னது?' என்று கூரை பறக்கக் கத்தினார். நானும் விடவில்லை. பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தி முடித்து, ஒரு கோப்பை சோற்றை முழுதாய்ச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். வேலை போனவன் வெள்ளவத்தையில் என்ன செய்கிறாய்? ஊருக்கு வா. வந்ததும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெமீலின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரு. அவன் உன்னை ஏசுவான், கேட்டுக்கொள். அவன் ஏசி முடித்த பிறகு நான் ஏசுவேன், எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புதுப் பெட்டியில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்று எனக்கு வாயால் சொல்லாமல் ஒரு மட்டையில் எழுதி, கொம்பியூட்டருக்கு மேலே ஒட்டு. எனக்குப் பிறகு வருகிறவளுக்கும் அது வேண்டும்.

சொல்ல வேண்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிட்டேன். இப்போது,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ராத்தா